விறகடுப்பும் புகைபோக்கியும்

குளிர் மிகுந்த நாடுகளில் விறகடுப்பென்பது பெரும்பாலும் வீட்டைச் சூடாக்குவதற்கென்றே அமைக்கப்படும் சாதனமாகும். திருவனந்தபுரத்தில் அத்தேவை எழுவதில்லை. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையிலும் அந்நகரின் வெப்பநிலை 20 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அங்கு அடுப்பு மூட்டப்படுவது சோற்றுக்காக. அடுப்பிலிருந்து அறைக்குள் பரவும் உஷ்ணம் சமைப்பவருக்குத் துன்பமேயன்றி நன்மையன்று. எனினும், மரத்தை முழுமையாக எரிப்பது எப்படி, அதன் புகையை வீட்டுக்கு வெளியே அனுப்புவது எப்படி என்னும் இரண்டு பிரச்சினைகளும் குளிர்நாட்டார்க்கும் நமக்கும் பொதுவானவையே. வெப்பநாட்டில் இரண்டாவது பிரச்சினை சற்றுக் கடினமானது என்பதற்குக் காரணம் பின்னர் விளக்கப்படும்.

விறகடுப்பு மறைந்துபோன பொருளன்று. 2011ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கெடுப்பின்போது கேரளத்துக் குடும்பங்களில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை விறகையே முக்கிய எரிபொருளாகக் கொண்டிருந்தன. அதன்பின் எரிவாயு வேகமாகப் பரவியது. ஆயினும் திருவனந்தபுரம் மாவட்டத்துக் கிராமங்களிலும், 1956 நவம்பர் 1 வரை அதனோடு ஒரே இராஜ்யத்தில் சேர்ந்திருந்த கன்னியாகுமரி மாவட்டத்திலும், முன்புறச் சமையலறையில் எரிவாயு அடுப்பும் பின்கட்டில் விறகடுப்புமாக இரண்டையும் வைத்திருக்கும் வீடுகள் பல. தேநீரும் குழம்பும் எரிவாயுவில் ஆகின்றன. நெடுநேரம் கொதிக்க வேண்டிய புழுங்கலரிசிச் சோறும், குளிக்க வெந்நீரும் விறகில் ஆகின்றன. எரிவாயு வந்துவிட்டபடியால் புகை ஒழிந்தது என்று கணக்கெழுதிவிடும் ஊழியர் பின்கட்டைப் பார்க்காதவர் என்றே கொள்ள வேண்டும்.

புகையின் கேடு

விறகுப் புகையில் காணப்படுவன வெறும் கரித்துகள் மட்டுமல்ல. கார்பன் மோனாக்ஸைடு, பென்சீன், கண்ணை உறுத்தும் ஆல்டிஹைடுகள், நுரையீரலின் அடித்தளம்வரை செல்லத்தக்க நுண்துகள்கள் ஆகியவையும் அதில் உண்டு. 1981இல் குஜராத் கிராமங்களில் கிர்க் ஸ்மித் என்னும் விஞ்ஞானியும் அவருடைய இந்தியச் சகாக்களும் சமைக்கும் பெண்களின் உடையிலேயே அளவுகருவியைப் பொருத்திச் சோதித்தனர். சமையல் நேரத்தில் அப்பெண்கள் சுவாசித்த காற்றின் ஒவ்வொரு கனமீட்டரிலும் சராசரியாகச் சுமார் 7 மில்லிகிராம் துகள்கள் இருக்கக் கண்டனர். நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த வரம்பு ஒரு நாளின் சராசரியாகக் கனமீட்டருக்கு 0.015 மில்லிகிராம். குஜராத்தில் அளந்தது எல்லா அளவிலான துகள்களையும். வரம்பு வகுத்தது நுண்துகளுக்கு மட்டும். ஆகையால் இரண்டையும் நேரடியாக ஒப்பிடுதல் சரியன்று. ஆயினும் இடைவெளி எத்தகையது என்பது விளங்கும். வீட்டுப் புகையின் காரணமாக 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 லட்சம் பேர் இறந்தனர் என்றும், அவர்களில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும் அந்நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டே தாய் சமைப்பதால், அவள் சுவாசிப்பதையே குழந்தையும் சுவாசிக்கின்றது.

திறந்த வெளியில் இக்கேடு குறைவு. மாசி மாதத்தில் ஆற்றுக்கால் பகவதி கோயிற் பொங்கலையன்று திருவனந்தபுரத்து வீதிகளில் பெண்கள் மூன்று செங்கற்களை நிறுத்திப் பானை ஏற்றுவர். 2009 மார்ச் 10ஆம் தேதியன்று 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் நூலில் பதிவாகியுள்ளது. வானமே கூரையாக இருந்தும் அன்று கண் எரியாதவர் இல்லை. அதே மூன்று கல் அடுப்பு பத்தடிக்குப் பத்தடி அறைக்குள் ஆண்டின் 365 நாளும் எரிந்தால் என்னாகும் என்பதை மாணவர்க்கு விளக்க இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

முயற்சிகளின் வரலாறு

புகையற்ற அடுப்பு புதிய எண்ணமன்று. வார்தாவிலுள்ள மகன்வாடியில் கிராமக் கைத்தொழிற் சங்கத்தார் 1940களில் 'மகன் அடுப்பை' உருவாக்கினர். ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த எஸ். பி. ராஜு புகைபோக்கியுடன் கூடிய மண்ணடுப்பொன்றை வகுத்து, 1953இல் அதனை விளக்கி ஒரு நூலும் வெளியிட்டார். 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்து, 1980களில் ஓரடுப்பைப் பரப்பியது. கேரளத்தில் 'பரிஷத்து அடுப்பு' என்ற பெயர் இன்றும் வழக்கில் உள்ளது. மத்திய சர்க்காரின் தேசிய மேம்பாட்டு அடுப்புத் திட்டம் 1983இல் தொடங்கி 2002 வரை நடைபெற்றது. மரபுசாரா ஆற்றலுக்கும் கிராமியத் தொழில்நுட்பத்துக்குமென 1986இல் திருவனந்தபுரத்தில் நிறுவப்பட்ட 'அனெர்ட்' என்னும் நிறுவனமும் இப்பணியில் ஈடுபட்டது. நாடெங்கும் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன என்பது கணக்கு. அமைக்கப்பட்டவற்றுள் தொடர்ந்து எரிந்தவை எத்தனை என்பது வேறு கணக்கு. அதனைப் பற்றி இக்கட்டுரையின் பிற்பகுதியில் காணலாம்.

விறகு எரியும் விதம்

அடுப்பைத் தேர்ந்தெடுக்குமுன் எரிபொருளை அறிதல் வேண்டும். சூடேறிய மரம் முதலில் தன் நீரை ஆவியாக்கி விடுகின்றது. பிறகு அதன் எடையில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு எரியக்கூடிய வாயுக்களாகப் பிரிகின்றது. நாம் காணும் சுவாலை இவ்வாயுக்கள் எரிவதேயாகும். எஞ்சிய கரி, சுவாலையின்றித் தணலாக எரிகின்றது. வாயுக்கள் முழுதும் எரிவதற்குச் சுமார் 600 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணமும், போதிய காற்றும், அவை இரண்டும் கலப்பதற்கு இடமும் தேவை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் எரியாத வாயு புகையாக வெளியேறும். ஆகவே புகை என்பது வீணான விறகே.

ஈரவிறகின் நஷ்டத்தை எளிய கணக்கால் காட்டலாம். முற்றும் உலர்ந்த மரம் கிலோகிராமுக்குச் சுமார் 4,500 கிலோகலோரி தரும். 30 டிகிரியிலுள்ள ஒரு கிலோகிராம் நீரைக் கொதிக்கச் செய்து ஆவியாக்க 610 கிலோகலோரி வேண்டும். எடையில் 20 சதவிகிதம் நீருள்ள விறகில் மரம் 800 கிராம். அது தருவது 3,600. நீர் கொள்வது 122. எஞ்சுவது ஏறக்குறைய 3,480. எடையில் பாதி நீராகவுள்ள பச்சை விறகில் மரம் 500 கிராம். அது தருவது 2,250. நீர் கொள்வது 305. எஞ்சுவது 1,945 மட்டுமே. எடைபோட்டு விறகு வாங்கும் குடும்பம் பச்சை விறகுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி தண்ணீருக்குக் கொடுத்ததாகும். இந்த நஷ்டத்தைவிடப் பெரிது மற்றொன்று உண்டு. ஆவியாகும் நீர் சுவாலையைக் குளிரச் செய்வதால், வெளிவந்த வாயுக்களும் எரியாமலே போகின்றன. ஊதுகுழலால் ஓயாமல் ஊத வேண்டியிருப்பதன் காரணம் இதுவே.

திருவனந்தபுரத்துச் சூழ்நிலையில் விறகை உலர்த்துவது கால நிர்ணயம் சார்ந்த வேலை. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. மழைக்காலத்து ஈரக்காற்றில், கூரையின் கீழ் அடுக்கிய விறகும் 18 அல்லது 20 சதவிகித ஈரத்துக்குக் கீழே உலர்வதில்லை. ஆகையால் மரத்தை டிசம்பர், ஜனவரியில் வெட்டி, உடனே பிளந்து, தரையில் படாமல் இரண்டு கட்டைகளின்மேல் காற்றோட்டமாக அடுக்கி, மே மாத முடிவுக்குள் கூரையடியில் சேர்த்துவிட வேண்டும். பிளப்பதே இதில் முக்கியம். பட்டையுடன் கூடிய உருளைக்கட்டை மாதக்கணக்கில் வெயிலில் கிடந்தாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும்.

அங்கு மிகுதியாகக் கிடைப்பது ரப்பர் விறகு. பால் வற்றி மறுநடவுக்காக வெட்டப்படும் மரங்கள் இவை. எளிதாகப் பிளக்கும், விரைவில் உலரும்; மழையில் நனைந்தாலோ பூஞ்சையும் வண்டும் விரைவில் பற்றும். தென்னையோ எரிபொருட் களஞ்சியமே எனலாம். கொதும்பும் உலர்ந்த ஓலையும் தீ மூட்டுவதற்கு. மட்டை நடுத்தரச் சூட்டுக்கு. சிரட்டை உக்கிரமான சூட்டுக்கு. கதம்பை மட்டும் கனன்று புகைவது. அதனை அடுப்பில் திணிப்பதைவிடக் கயிற்றுக்கோ தோட்டத்துக்கோ அனுப்புவது நல்லது. எந்தத் துண்டு எப்போது இடத்தக்கது என்பதில் அவ்வூர்ப் பெண்களின் அனுபவ அறிவு நுட்பமானது. வெளிக்கள ஊழியர் அதனை முதலில் கேட்டறிந்து கொள்ளுதல் உத்தமம்.

புகைபோக்கியின் இழுப்பு

புகைபோக்கி புகையை உறிஞ்சுவதாகப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் குழாயினுள் உள்ள சூடான வாயு லேசானது, வெளிக்காற்று கனமானது, கனமான காற்று அடுப்பின் வாய்வழியே புகுந்து லேசான வாயுவை மேலே தள்ளுகின்றது. 3 மீட்டர் உயரமுள்ள குழாயில் சராசரியாக 150 டிகிரி உஷ்ணம் இருந்து, வெளிக்காற்று 30 டிகிரியில் இருந்தால், இத்தள்ளுதலின் அழுத்தம் ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள நீரின் அழுத்தத்துக்கே சமம். அவ்வளவு சிறிய சக்தியை நம்பித்தான் அடுப்பு முழுவதும் இயங்குகின்றது. ஒரு விரிசலோ, ஒரு பிடி கரியோ அதனைக் கெடுத்துவிடப் போதும்.

வெளிக்காற்று உறைநிலைக் குளிரில் இருக்கும் நாட்டில் அதே குழாய் சுமார் 1.4 மில்லிமீட்டர் இழுப்பைப் பெறும். வெப்பநாட்டில் நமக்குள்ள குறை இதுவே. மேலும், தீ மூட்டும் தருணத்தில் குழாயும் 30 டிகிரி, வெளிக்காற்றும் 30 டிகிரி. எனவே இழுப்பே இல்லை. புதிய அடுப்பின் முதல் ஐந்து நிமிஷத்துப் புகை அறைக்குள் திரும்புவதைக் கண்டு 'இது உதவாது' என்று முடிவு செய்த குடும்பங்கள் உண்டு. குழாயின் அடியிலுள்ள சுத்தம் செய்யும் துவாரத்தில் ஒரு கைப்பிடி உலர்ந்த கொதும்பைக் கொளுத்தி முதலில் குழாயைச் சூடாக்கிவிட்டால், பிறகு அடுப்பின் வாயில் தீ மூட்டும்போது புகை வழி தவறாது. பள்ளியில் இதனைக் காட்டுவது எளிது: ஓர் ஊதுவத்தியை அடுப்பின் வாயருகே பிடித்தால், இழுப்பு இருக்கும்போது புகை உள்நோக்கியும், இல்லாதபோது நேர்மேலாகவும் செல்லும்.

இவ்விடத்தில் மலைப்பகுதிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. மூணாறு, உதகை போன்ற குளிரிடங்களில் அறையைச் சூடாக்குவதற்காகக் கும்மட்டி அடுப்பில் கரித்தணலை இட்டுக் கதவை மூடிக்கொண்டு உறங்குவோர் உண்டு. தணலில் புகை தெரிவதில்லை, மணமும் இல்லை, ஆனால் கார்பன் மோனாக்ஸைடு வெளிவந்துகொண்டே இருக்கும். அது இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றுதலுடன் சேர்வதால், உறங்குபவர் விழிக்காமலே இறக்கக்கூடும். புகைபோக்கி இல்லாத எந்த அடுப்பையும், அது கரியடுப்பாயினும், மூடிய அறையில் வைத்தல் கூடாது. குளிருக்கு அடுப்பு வேண்டுமாயின் அது குழாயுடன் கூடிய இரும்படுப்பாகவே இருத்தல் வேண்டும். எரிவதற்குத் தேவையான காற்று அறைக்குள் வருவதற்கும் ஒரு வழி விடப்பட வேண்டும்.

அடுப்பைத் தேர்ந்தெடுத்தல்

தேர்வு, வீட்டிலுள்ள பாத்திரங்களிலிருந்து தொடங்குகின்றது. அடுப்புக் கண்ணின் அளவும் பானையின் அளவும் பொருந்தாவிடில், இடைவெளி வழியே புகையும் வெப்பமும் ஒருங்கே தப்பிவிடும். நிலையான இரட்டைக்கண் அடுப்பு, நம் பழைய கொடியடுப்பின் உறவினமே: முதற்கண்ணில் சோறு கொதிக்கையில், அங்கிருந்து செல்லும் வெப்பவாயு இரண்டாங்கண்ணைத் தொட்டுப் பிறகு குழாயை அடைகின்றது. இரண்டாங்கண்ணில் பாத்திரம் இல்லாதபோது அதனை மூடி வைத்தல் வேண்டும். மறந்தால் இழுப்பு அறுந்து புகை அறைக்குள் திரும்பும். நாள்தோறும் ஒரே பாத்திரத்தில் சமைக்கும் சிறு குடும்பத்துக்கு இரட்டைக்கண் அடுப்பைத் திணிப்பது வீண்.

விறகு தங்குவதற்கு இரும்புக் கம்பித் தட்டு இருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். தட்டின் கீழிருந்து வரும் காற்று தணலின் ஊடே செல்லும்; சாம்பல் கீழே உதிரும். அடுப்பின் வாய் அகன்றிருப்பதைச் சிலர் விரும்புவர். பெரிய கட்டையை முழுதாகத் தள்ளிவிடலாம் என்பது அவர்தம் எண்ணம். ஆனால் அகன்ற வாய்வழியே தேவைக்கு மிஞ்சிய குளிர்காற்று புகுந்து சுவாலையைத் தணிக்கின்றது. வாய் சிறிதாகவும் விறகு மெல்லியதாகவும் இருப்பதே சிக்கனம்.

குழாய் கூரையின் உச்சியைக் கடந்து நிற்க வேண்டும். அருகிலுள்ள தென்னை, பலா மரங்களின் கிளைகள் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பாத இடமாக இருக்க வேண்டும். மழைக்குத் தொப்பி வேண்டும். குழாயில் படுக்கை வளைவு கூடாது. ஓலைக்கூரையை ஊடுருவும் இடத்தில் குழாயைச் சுற்றித் தகட்டுக் கூடும் இடைவெளியும் விடாமல் அமைப்பது வீட்டையே தீக்கு இரையாக்குவதற்கு ஒப்பு. பழைய அடுப்புகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் குழாய் உள்ளது. அதனை அறுக்கவோ ராவவோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குக் கொடியது. புதிதாக அமைப்போர் சுட்ட மண்குழாயையோ, சாதாரண சிமெண்டுக் குழாயையோ கொள்ளலாம்.

கடையில் வாங்கும் கையடக்க உலோக அடுப்பானால், இந்தியத் தர நிர்ணயத்தின் முத்திரையைக் கவனிக்க வேண்டும். இதற்கான தரம் 1991இல் வகுக்கப்பட்டு 2013இல் திருத்தப்பட்டது. திருத்திய தரத்தின்படி இயற்கைக் காற்றோட்ட அடுப்பின் வெப்பத்திறன் குறைந்தது 25 சதவிகிதமும், விசிறியுள்ள அடுப்பின் திறன் 35 சதவிகிதமும் இருத்தல் வேண்டும். மூன்று கல் அடுப்பின் திறன் 10 முதல் 15 சதவிகிதம். உலோக அடுப்பு விறகை மிச்சப்படுத்தும். ஆனால் குழாய் இல்லாததால் எஞ்சிய புகையை அறையிலேயே விடும். விறகு மிச்சமும் புகை நீக்கமும் ஒன்றே என்னும் தவறான எண்ணம் விளம்பரங்களில் மிகுதி. புகைபோக்கி அடுப்பில் இதன் மறுதலையும் உண்டு: அறை துப்புரவாக இருக்கும், விறகோ முன்போலவே செலவாகும். வாங்குபவர் எதனை நாடுகின்றார் என்பதை ஊழியர் கேட்டுத் தெளிதல் வேண்டும்.

சோறும் சூடாறாப்பெட்டியும்

ஒரு கிலோகிராம் அரிசியையும் நான்கு கிலோகிராம் நீரையும் 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 310 கிலோகலோரி போதும். உலர்ந்த விறகில் இது 90 கிராமுக்கே சமம். 10 சதவிகிதத் திறனுள்ள அடுப்பில் 900 கிராம் ஆகின்றது. கேரளத்துப் புழுங்கலரிசி அதன் பின்னும் நெடுநேரம் கொதிக்கின்றது. அதற்குள் ஒரு கிலோகிராம் நீர் ஆவியாகிப் போனால், அதே அடுப்பில் மேலும் ஒன்றரைக் கிலோகிராம் விறகு செலவாகும். அரிசி வேக நீர் ஆவியாக வேண்டியதில்லை. உஷ்ணம் நிலைத்திருந்தால் போதும். இத்தத்துவத்தைக் கொண்டு சாஸ்திர சாகித்திய பரிஷத்து பரப்பியதே 'சூடாறாப்பெட்டி'. சில நிமிஷம் நன்கு கொதித்த பானையை மூடியுடன் வெப்பம் கடத்தாத பெட்டிக்குள் வைத்து அடைத்துவிட்டால், சோறு தானே வெந்துவிடும். வைக்கோலும் பழந்துணியும் நிறைத்த கூடையாலும் இதனைச் செய்யலாம். நடுவில் திறந்து பார்த்தல் கூடாது. வெந்தபின் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக விட்டுவிடுதலும் கூடாது. விறகையும் புகையையும் ஒருங்கே குறைக்க இவ்வளவு மலிவான வழி வேறில்லை. அடுப்பை மாற்ற மறுக்கும் வீட்டிலும் இதனை ஏற்பர்.

பராமரிப்பு

ஒடிசாவில் ஹன்னா, டுஃப்ளோ, கிரீன்ஸ்டோன் ஆகிய பொருளாதார அறிஞர்கள் புகைபோக்கி மண்ணடுப்புகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2016இல் முடிவை வெளியிட்டனர். முதலாண்டில் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. பின்னர் அந்நன்மை மறைந்தது. உடல்நலத்திலும் விறகுச் செலவிலும் மாறுதல் காணப்படவில்லை. விரிசல் அடைக்கப்படவில்லை, அடுப்பு ஒழுங்காக உபயோகிக்கப்படவில்லை, பழைய அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது. இதற்கு எதிர்ப்புறத்தில், குவாட்டமாலா நாட்டு மலைக்கிராமங்களில் புகைபோக்கி அடுப்புகளை அமைத்து, இடைவிடாமல் சென்று பார்த்துப் பழுது நீக்கிய சோதனையொன்றின் முடிவு 2011இல் வெளியாயிற்று. அங்கே குழந்தைகளைத் தாக்கிய கார்பன் மோனாக்ஸைடு ஏறக்குறையப் பாதியாயிற்று. நிமோனியா மொத்தத்தில் திட்டமாகக் குறைந்ததென்று கூற இயலவில்லையாயினும், கடுமையான நிமோனியா சுமார் மூன்றிலொரு பங்கு குறைந்தது. அமைத்த அடுப்பை மட்டும் எண்ணிப் படிவத்தை நிரப்பும் திட்டம் எதனை இழக்கின்றது என்பது இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் புலப்படும்.

வேலை அப்படியொன்றும் பெரிதன்று. மாதமொருமுறை குழாயின் அடித்துவாரத்தைத் திறந்து கரியை வாரிவிட வேண்டும். நீண்ட கம்பின் நுனியில் துணியோ தென்னநாரோ கட்டி மேலிருந்து குழாயைத் துடைக்க வேண்டும். ஈரவிறகு எரிக்கும் வீடுகளில் கீல் போன்ற பிசின் உள்ளே படியும். அது தடித்துவிட்டால் ஒருநாள் குழாயினுள்ளேயே தீப்பற்றும். விரிசல்களைக் களிமண்ணும் சாணமும் உமியும் கலந்த குழைவால் பூச வேண்டும். கண்ணின் விளிம்பு தேய்ந்து பானை ஆடத் தொடங்கினால் அதனையும் சேர்த்துப் பூச வேண்டும்.

அடுப்புக்கு மேலே பரணில் விறகை அடுக்கி உலர்த்தும் வழக்கம் பழையது. புகைபோக்கி வந்தபின் அங்கே முன்போல் சூடு எட்டுவதில்லை. வீட்டார் இதனை ஒரு குறையாகவே கூறுவர். குறை நியாயமானது. குழாயின் வெளிப்புறத்திலிருந்து ஒரு முழம் தள்ளி விறகடுக்க ஒரு சட்டம் அமைத்துக் கொடுத்தால், தீப்பற்றும் அபாயமின்றி அவ்வுஷ்ணத்தைப் பயன்படுத்தலாம்.

வெளிக்கள ஊழியர் ஆண்டுக்கு இருமுறை, அதாவது மே மாதத்தில் மழைக்கு முன்னும், டிசம்பரில் இரு மழையும் முடிந்த பின்னும், ஒவ்வோர் அடுப்பையும் சமையல் நடக்கும் நேரத்திலேயே சென்று பார்த்தல் வேண்டும். நண்பகல் இரண்டு மணிக்குச் சென்று குளிர்ந்த அடுப்பைப் பார்ப்பதில் பயனில்லை. ஒரு நாளைய விறகை எடைபோட்டு வைத்து, மறுநாள் எஞ்சியதை எடைபோட்டு, உண்டவர் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். பிறகு சமையலறைச் சுவரில், சமைப்பவர் அமரும் உயரத்தில், ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒட்டிவிட்டு ஒரு வாரம் கழித்து வந்து பார்க்கலாம். காகிதம் கறுத்திருந்தால், பின்கட்டில் மற்றோர் அடுப்பு எரிகின்றதா என்று கேட்டுவிட்டு, அதன் பின்னரே குழாயைப் பிரித்துப் பார்க்கத் தொடங்க வேண்டும்.